கொல்லுலையில் கிடக்கின்றது சொல்

உயர்தொழில் நுட்பத்தைத் தமிழில் உரைக்கவியலாது என்பது ஆங்கிலம் கற்றார் சிலரின் நெடுநாளைய பிதற்றல். அவ்வாறு பிதற்றுவோர் கொல்லுலைப் பக்கம் தலைவைத்தும் படுத்தறியாதவர். வானூர்திக்கும் ஏவூர்திக்கும் வேண்டிய மாழையறிவின் அடிப்படைச் சொற்கள் தமிழ்க்கொல்லனின் நாவில் இன்றும் வாழ்கின்றன.

சிவகிரி போலும் மேற்கு மலையடிவார ஊர்களில் நெல்லறுக்கும் அரிவாளை வடிக்கும் கொல்லனின் வினையைக் கூர்ந்து நோக்குக. இரும்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கிய பின், அதன் வாய்ப்புறத்தை மட்டும் நீரில் தோய்க்கின்றான். இதுவே தோய்ச்சல். சட்டென்று குளிர்ந்த வாய் மிகக் கடினமாகும்; ஆயின் அப்படியே விட்டால் கல்லில் பட்டவுடன் தெறித்து முறியும். ஆகவே முதுகுப்புறத்தில் எஞ்சிய சூடு மெல்ல வாய்க்கு ஏறும்வரை காத்திருந்து, வைக்கோல் நிறம் தோன்றும் நொடியில் மீண்டும் குளிர்விக்கின்றான். கடுமை சற்றே தணிகின்றது, உரம் சேர்கின்றது. சூட்டுப்பதம் என்னும் அறிவியலின் உயிர்நிலை இவ்வளவே.

சிவகிரிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் மகேந்திரகிரி உள்ளது. அங்கே 2024 மே 9 அன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பி.எசு.எல்.வி. ஏவூர்தியின் நான்காம் அடுக்குப் பொறியொன்றை 665 நொடிகள் எரியவிட்டு ஆய்ந்தது. அப்பொறி வார்க்கப்பட்டதுமன்று, அடித்து உருவாக்கப்பட்டதுமன்று. மாழைத்தூளைப் பரப்பி, இலேசர் எனும் சீரொளிக் கதிரால் உருக்கி, அடுக்கின்மேல் அடுக்காக எழுப்பப்பட்டது. பதினான்கு உறுப்புகள் ஒன்றாயின. 19 பற்றவைப்புகள் தேவையற்றுப் போயின. பழைய முறைக்கு 565 கிலோ மாழை வேண்டியிருக்க, இம்முறைக்கு 13.7 கிலோ தூளே போதுமானதாயிற்று. இவ்வாக்கமுறையை அடுக்காக்கம் எனலாம்.

இம்முறையில் மிகுதியாக ஆளப்பெறுவது தைத்தானியக் கலவை. நூற்றுக்கு ஆறு பங்கு அலுமினியமும் நான்கு பங்கு வனேடியமும் சேர்ந்த இது, எஃகினும் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு எடை குறைந்தது. வானூர்தி உறுப்புகளும் மாந்தர் உடம்பில் பொருத்தும் செயற்கை எலும்பு மூட்டுகளும் இதனால் ஆக்கப்படுகின்றன.

ஆயின் இதில் ஓர் இடர் உண்டு. சீரொளிக் கதிர் உருக்கிய மிகச் சிறு குட்டை கண்ணிமைக்குமுன் உறைகின்றது. நீரில் தோய்க்காமலே தோய்ச்சல் நிகழ்ந்துவிடுகின்றது! உள்ளே ஊசிபோன்ற நுண்கட்டமைப்பு உண்டாகி வலிமை மிகுகின்றது; நெகிழ்வோ குறைகின்றது. ஒவ்வோர் அடுக்கும் சூடேறிச் சுருங்குவதால் இறுக்கமும் உள்ளே தங்கி, உறுப்பைக் கோணச் செய்கின்றது. தோய்த்தபின் பதம் வாங்காத அரிவாளின் நிலையே இதற்கும்.

இதற்குரிய மருந்தும் சூடே. 600 பாகைக்கு மேல் சில மணி நேரம் காய்ச்சினால் உள்ளிறுக்கம் தணியும். 800 பாகையளவில் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் ஊசிகள் தகடுகளாக மாறும். வலிமை சிறிது குறைய, நெகிழ்வு கூடும். ஏறத்தாழ 1000 பாகையைக் கடந்தாலோ உள்மணிகள் பருத்துவிடும். பெற்ற நலனில் பெரும்பகுதி கெடும். உள்ளே தங்கிய நுண்துளைகளை மூட, 920 பாகைச் சூட்டில் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரமடங்கு அழுத்தத்தை ஆர்கான் வளியால் தருகின்றனர். பன்முறை சுமை ஏறி இறங்குவதால் வரும் அயர்வு முறிவு இதனாற் குறைகின்றது. சுடுங்கால் உயிர்வளி பட்டால் மேற்றோல் நொறுங்கும் தன்மையடையும். ஆதலின் உலை வெற்றிடமாகவோ ஆர்கான் நிறைந்ததாகவோ இருத்தல் வேண்டும்.

ஒரே தூள், ஒரே வடிவம். சூட்டுப்பதம் மாறின் உறுப்பின் ஊழே மாறுகின்றது. இதனைச் சொல்ல எந்த அயன்மொழி தேவைப்பட்டது?

ஈண்டுத் தனித்தமிழன்பரும் உணரவேண்டிய ஒன்றுண்டு. ஆங்கிலச் சொல்லை அகரமுதலியில் தேடி எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பது சொல்லாக்கமாகாது. எஃகின் கடுமைக்குக் கரியே கரணியம், தைத்தானியத்தில் அவ்வாறன்று. பொருளின் இயல்பறிந்து, ஒப்பதையும் ஒவ்வாததையும் பிரித்தறிந்தே பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்கு ஏற்றுதல் வேண்டும். அதற்குக் கொல்லனிடமும் செல்லவேண்டும், ஆய்வுக்கூடத்திற்கும் செல்லவேண்டும்.

காலமோ காத்திராது. ஆலை அரிவாள் அங்காடிக்கு வந்தபின் ஊருலைகள் ஒவ்வொன்றாய் அவிகின்றன. உலை அவியின் அதன் சொல்லும் அவியும். மறுபுறம், 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023இலோ உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அவற்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பெழுந்தபின் கைவிட்டது. வேரூன்றாத செடியைத்தான் ஒரு கையெழுத்தால் பிடுங்கவியலும்.

குமரிக் கரையின் மணவாளக்குறிச்சி மணலில் தைத்தானியக் கனியம் கறுத்துக் கிடக்கின்றது. மண் தமிழ்மண், மலையடியில் எரிவது தமிழ்நாட்டுலை. மொழி மட்டும் வேறாயிருப்பது முறையா? சிவகிரிப் பள்ளியில் தமிழில் பயின்ற உழவர் மகள், பொறியியற் கல்லூரி வாயிலில் தன் நாவைக் கழற்றி வைத்துவிட்டு நுழையவேண்டுமா?

ஊர்தோறும் கொல்லுலைச் சொற்களைத் தொகுத்திடுக! தொகுத்தவற்றைப் பாடநூலில் ஏற்றிடுக! பழுக்கக் காய்ந்த இரும்பு ஆறுமுன் அடித்தல் வேண்டும்.