தூண்டிற்காரர் எழுதிய கணக்கேடு

குளத்துப்புழை பாலசாஸ்தா கோயிலுக்குச் செல்லாத குடும்பம் நம் சங்கத்தில் மிகச் சிலவே இருக்கக்கூடும். திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் அக்கோயில் அமைந்திருக்கின்றது. சொந்த ஊருக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ அங்கே வண்டியை நிறுத்தி, பிள்ளைகளை ஆற்றுப் படித்துறையில் இறக்கி, மீன்களுக்கு இரை வாங்கிக் கொடுப்பது நம்மவர் வழக்கம். இரை நீரில் விழுந்த மாத்திரத்தில் கருத்த முதுகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு வரும். 'திருமக்கள்' என்று அவற்றை அழைக்கின்றார்கள். அவற்றிற்கு மீனூட்டு நேர்ந்துகொள்வோர் உண்டு. அவற்றைப் பிடிப்போர் இல்லை.

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இந்த மீன்களைக் குறித்தே ஒரு வினாவை எழுப்பினார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய பெயரன், நண்பர்களோடு காவிரியில் ரப்பர்ப் படகில் சென்று வந்தானாம். முன்பெல்லாம் அதே இடத்தில் பெருமீன்களைத் தூண்டிலிட்டுப் பிடித்து, எடை பார்த்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள் என்றும், அதற்காக வெளிநாட்டிலிருந்து பணம் செலவழித்து வருவார்கள் என்றும் கேள்விப்பட்டு வந்து சொன்னானாம். "பிடித்து விடுவதற்கு எதற்கையா பிடிக்க வேண்டும்?" என்பது அன்பரின் கேள்வி. நமக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. ஆனால் விடை தேடிச் சென்றவிடத்தில் வேறொரு கதை அகப்பட்டது.

குளத்துப்புழையில் நாம் காண்பது 'மஹசீர்' என உலகோர் வழங்கும் இனம். கெண்டைக் குலத்தைச் சேர்ந்தது. தமிழில் இதற்குப் பூமீன் கெண்டை என்று பெயருண்டு. மலையாளத்தார் குயில் மீன் என்பர். பாறை நிறைந்த, வேகமாக ஓடுகின்ற, குளிர்ந்த நீரே இதற்கு உகந்தது. ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகளுக்கு இம்மீன்மேல் தீராத மோகம். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டிலிடுவது பற்றி 1873-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹசீரைப் பிடித்தார். அந்தக் கணக்கை இன்றுவரை தூண்டிற்காரர்கள் வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருக்கின்றார்கள். 120 பவுண்டு என்றால் ஏறத்தாழ 54 கிலோ. ஓர் ஆளின் எடை.

(இறகையும் நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோலச் செய்து, அதை நீர்மேல் மெல்ல இறக்கி ஏமாற்றும் நுண்ணிய தூண்டில் முறை ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் டிரவுட் மீனுக்கானது. நீலகிரியிலும் மூணாற்றிலும் உள்ள டிரவுட், வெள்ளையர் கொண்டுவந்து விட்டது. நம் ஆறுகளுக்கு உரியதன்று. ஆகையால் அதை இங்கே விட்டுவிடுகின்றோம்.)

காவிரி, சிவசமுத்திரத்தில் விழுந்து ஒகேனக்கல்லை நோக்கி மலைகளுக்கிடையே இறங்கி வரும் வழியில் பீமேஸ்வரி, கலிபோர், தொட்டமாக்கலி என்னும் இடங்கள் உள்ளன. இவ்விடங்களில்தான் தூண்டில் முகாம்கள் நடைபெற்றன. இரையாவது, கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருட்டிய உருண்டை. நம் பாட்டிமார் கிண்டிய களியை நாடி மீன் வந்ததில் வியப்பில்லை. அதைத் தொடுத்துக்கொண்டு சீமைத்துரைகள் பாறைமேல் தவம் கிடந்தது வியப்பே. மீன் கொக்கியைப் பற்றிக்கொண்டால் ஓட்டத்தோடு கீழ்நோக்கிப் பாயும். உடனே தூண்டிற்காரரைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு, பாறைக்கும் சுழலுக்கும் இடையே படகோட்டி அதன் பின்னே செல்ல வேண்டும். எந்த மடுவில் மீன் ஒதுங்கும், எந்தப் பாறையில் கயிறு அறும் என்பதெல்லாம் ஏட்டுப் படிப்பால் வருவதன்று. அந்த வழிகாட்டிகளில் பலர் முன்னர் அதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். வெடி வைத்து மடுவையே கலக்கி, குஞ்சு குருமான் உட்பட வாரிக்கொண்டு போகும் தொழிலை விட்டு, மீனைக் காட்டிக் கூலி பெறும் தொழிலுக்கு அவர்கள் வந்தார்கள். உயிரோடு இருக்கும் மீன் அவர்களுக்கு நாள்தோறும் சோறு போட்டது. பிடித்து விடுவதன் பயன் இதுதான் என்று அன்பருக்குச் சொல்லிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. காவிரியின் மஹசீருக்கு முதுகில் ஒரு கூன் உண்டு. உலகத்தார் தேடி வந்தது இந்தக் கூன்முதுகு மீனையே. அது குறைந்துவருகின்றதே என்ற கவலையால், 1970-களிலிருந்து மராட்டிய மாநிலத்து லோணாவ்ளாவில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மஹசீரின் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். மீனை நேசித்தவர்கள், மீன் பெருகவேண்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த காரியம் அது. இரண்டும் மஹசீர்தாமே, ஆற்றில் எது பெருகினால் என்ன என்று எண்ணியிருக்கக்கூடும்.

கலிபோர் முகாமில் ஒரு கணக்கேடு வைத்திருந்தார்கள். எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டார்கள், எத்தனை மீன் அகப்பட்டது, எது எவ்வளவு எடை என்பதை நாள்தோறும் எழுதிவந்தார்கள். 1998 முதல் 2012 வரை 15 ஆண்டுகள், 23,620 மணி நேரத்துக் கணக்கு. இங்கிலாந்தைச் சேர்ந்த அட்ரியன் பிண்டரும் கேரளத்து ஆராய்ச்சியாளர் ராஜீவ் ராகவனும் அவர்தம் துணைவரும் இவ்வேட்டை ஆராய்ந்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். நீலத்துடுப்பு மீன் ஆண்டுக்கு ஆண்டு பெருகியிருந்தது. கூன்முதுகு மீனோ அகப்படுவதே அரிதாயிற்று. அகப்பட்டவற்றின் எடைமட்டும் கூடிக்கொண்டே சென்றது. எடை கூடுவது நல்லதுதானே என்று தோன்றும். அதன் பொருள் வேறு. கிழ மீன்கள் இன்னும் கிழடாகிக்கொண்டிருந்தன. இளையவை பின்னால் வரவில்லை. இதைப் படித்தபோது சற்று நேரம் ஏட்டை மூடி வைத்துவிட்டோம்.

இன்னும் விந்தை யாதெனில், இத்தனை புகழ்பெற்ற மீனுக்கு 2018 வரையில் அறிவியலார் உறுதி செய்த பெயரே இருக்கவில்லை. அதே குழுவினர் மாயாற்றில் கிடைத்த கூன்முதுகு மீனை ஆய்ந்து, அது கேரளத்துப் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு மதுசூதன குறுப்பும் ராதாகிருஷ்ணனும் முன்னரே பெயரிட்டு வைத்திருந்த 'டார் ரமாதேவி' என்னும் இனமே என்று கண்டார்கள். சென்னையில் விலங்கியல் அளவைத் துறையில் பணியாற்றிய அறிவியலார் ரமா தேவியின் பெயரால் அமைந்தது அது. காவிரிப் பெருமீனின் பெயர் நம் இடுக்கி மலையில் குஞ்சு மீன்களிடம் ஒளிந்திருந்தது! அதே 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை 'மிக அருகிய இனம்' எனப் பட்டியலில் சேர்த்தது.

கேரளத்து ஆறுகளில் மேற்கு நோக்கி ஓடாமல் கிழக்கே திரும்புவன மூன்றே: கபினி, பவானி, பாம்பாறு. மூன்றின் நீரும் காவிரியையே சேர்கின்றது. மறையூரைக் கடந்து சின்னாற்றுக் காட்டின் வழியே இறங்கும் பாம்பாறுதான் தமிழ்நாட்டில் அமராவதியாகி, கரூருக்கு அப்பால் காவிரியில் கலக்கின்றது. அம்மீனுக்கு எல்லைச் சாவடி ஏதும் கிடையாது. இங்கே ஆற்றில் நஞ்சு கலந்தாலும் வெடி வைத்தாலும், அங்கே அணை கட்டினாலும் மணல் அள்ளினாலும், அது ஒரே மீனுக்குத்தான் சேதம்.

முகாம்கள் இருந்த இடம் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அடங்கியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே தூண்டிலிடுவதும் வேட்டையே என்று கொண்டு, அதை நிறுத்திவிட்டார்கள். கலிபோர்க் கணக்கும் 2012-ஓடு நின்றது. பீமேஸ்வரியில் இப்பொழுது பரிசலும் ரப்பர்ப் படகும் ஓடுகின்றன. சட்டத்தை நாம் குறை கூற முன்வரவில்லை. வாயில் கொக்கி மாட்டுவது மீனுக்கு இன்பமாக இருக்க வழியில்லை என்பதும் நமக்குத் தெரியும். என்றாலும், வெடி வைப்பவன் சட்டத்துக்கு அஞ்சி ஏடு எழுதி வைப்பதில்லை. ஆற்றங்கரையில் நாள்முழுதும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அனுப்பிய பிறகு, அந்த எண்ணும் வேலையை யாரேனும் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நம் எண்ணம். பரிசற்காரரை அதற்கு அமர்த்தியிருக்கலாம். அவரைவிட ஆற்றை அறிந்தவர் வேறு யார்?

அன்பருக்கு இவற்றை எல்லாம் எடுத்துச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் குளத்துப்புழையில் இருப்பது எந்த மஹசீர்? கூன் உண்டா?" என்றார். அது நீலத்துடுப்பு வகை எனக் கொள்ளப்படுகின்றது. கூன்முதுகு மீன் காவிரிப் படுகைக்கே உரியது என்றோம். அடுத்த விடுமுறையில் பெயரனை மறையூர் வழியாக உடுமலைக்கு அழைத்துச் செல்லப் போவதாகச் சொல்லிக்கொண்டே எழுந்தார். தூண்டில் வேண்டாம், பாம்பாற்றைப் பார்த்தால் போதும் என்றார்.