பதினோராவது பொருத்தம்

கலியாணப் பேச்சு என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் வெளிவருவது ஜாதகக் கட்டு. தினம், கணம், மகேந்திரம் என்று தொடங்கிப் பத்துப் பொருத்தங்களையும் ஜோசியர் விரல்விட்டு எண்ணுவார். ரஜ்ஜு தட்டினால், மற்ற ஒன்பதும் இருந்தென்ன என்று தாம்பூலத் தட்டைத் திருப்பிவிடுவோரும் உண்டு. அந்த நம்பிக்கையைப் பற்றி வாதாட நாம் இங்கே முன்வரவில்லை. அந்தப் பத்தில் சேராத இன்னொரு பொருத்தத்தைப் பற்றி இவ்வாரம் பிரஸ்தாபிக்க விரும்புகிறோம்.

அதற்கு முன் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்லவேண்டும். வேலூரிலிருந்து தெற்கே கண்ணமங்கலம் போகும் சாலையில் உள்ளது கணியம்பாடி. அதை அடுத்து அமிர்திக் காடு. அப்பால் ஜவ்வாது மலை. பல ஆண்டுகளுக்கு முன், மலையிலிருந்து இறங்கி வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு பையன் நம் வகுப்பில் இருந்தான். மாதத்தில் நாலைந்து நாள் வரமாட்டான். கேட்டால், "கால் எலும்பெல்லாம் குடையுது, சார்" என்பான். சோம்பேறி என்று வைதோம்; ஒருநாள் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தவும் செய்தோம். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவே இல்லை. அவனுக்கு இருந்தது இன்ன வியாதி என்று நாம் சொல்லப் போவதில்லை. ஏனெனில் அவன் ரத்தத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்பது பட்டம் பெற்ற நமக்கும் தோன்றவில்லை. தோன்றாமற் போனதற்குக் காரணம் அறியாமை. அந்த அறியாமையை நேயர்களுடன் சேர்ந்து போக்கிக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

அரிவாள் அணுச் சோகை என்று ஒரு நோய் உண்டு. நம் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் வட்டமாகவும் மெத்தென்றும் இருப்பதால், மயிரிழை போன்ற நாளங்களிலும் நெளிந்து வளைந்து சென்றுவிடும். இந்நோய் உள்ளவர்களுக்கு, பிராணவாயுவை இறக்கிவிட்டதும் அணுக்கள் விறைத்து, கதிர் அறுக்கும் அரிவாள்போல் வளைந்துவிடுகின்றன. அவை ஒன்றோடொன்று சிக்கி நாளத்தை அடைக்கும். அடைபட்ட இடத்தில் பொறுக்கமுடியாத வலி எடுக்கும். சாதாரண அணு ஏறக்குறைய 120 நாள் வாழும்; அரிவாள் அணுவோ 10 முதல் 20 நாளில் மாண்டுபோகும். ஆகவே உடல் வெளுக்கும், கண் மஞ்சளிக்கும். 1910-ல் சிகாகோ நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் இவ்வணுக்களைப் பற்றி முதலில் எழுதினார். குற்றம் ரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினிலேயே இருக்கிறது என்பதை 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய தோழர்களும் நிரூபித்தார்கள்.

இது ஏதோ அந்நிய நாட்டுச் சமாசாரம் என்று எண்ணவேண்டாம். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நமது நீலகிரி மலைவாசிகளின் ரத்தத்தில் இந்த அரிவாள் குணத்தைக் கண்டு வெளியிட்டார்கள். பிறகு ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத் என்று பல மாகாணங்களிலும் இது காணப்பட்டது. மலைவாசிகளிடம் மிகுதி என்றாலும் சமவெளி மக்களிடமும் இல்லாமலில்லை. மலைவாசிகளிடம் ஏன் மிகுதி? இதற்கு 1954-ல் ஆந்தனி ஆலிசன் விடை தந்தார். இக்குணத்தைப் பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்ற குழந்தைகளைக் கொடிய மலேரியா எளிதில் கொல்லுவதில்லை. காட்டுக் காய்ச்சலுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக உயிர் காத்த கவசமே இரட்டித்து வரும்போது நோயாகிறது. தெய்வ குற்றம், முன்னோர் சாபம் என்றெல்லாம் பேசுவதற்கு இதில் இடமே இல்லை.

இனிப் பொருத்தத்துக்கு வருவோம். தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் இக்குணம் வந்தால், அந்தக் குழந்தை நோயாளி அல்ல. குணத்தைத் தாங்குபவர் மட்டுமே. அவர் பெரும்பாலும் எல்லோரையும்போல் வாழ்வார். தமக்கு அது இருப்பதையே அறியமாட்டார். அத்தகைய இருவர் மணந்துகொண்டால் சங்கடம். அவர்களுக்கு உண்டாகும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. முதற்பிள்ளைக்கு வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று கணக்குப் போடவும் முடியாது. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் குடும்பங்களில், ஒரே பாட்டியின் குணம் இருபுறமும் வந்து சேர வழி அதிகம்.

இங்கே எச்சரிக்கையாக ஒன்று சொல்லவேண்டும். நமது சமூகத்தில் பழி என்றால் முதலில் பெண்ணின் தலையில்தான் விழும். "அவள் ரத்தத்தில் கோளாறாம்" என்று ஊர் பேசிவிட்டால், சோதனை செய்துகொண்டதே அந்தப் பெண்ணுக்குத் தண்டனையாகிவிடும். குணத்தைத் தாங்கும் பெண், ரத்தத்தில் இத்தகைய குறை எதுவும் இல்லாத எவரையும் தாராளமாக மணக்கலாம்; ஆணுக்கும் அதுவே விதி. ஆகையால் பிள்ளை வீட்டார் பெண்ணின் சீட்டைக் கேட்குமுன் தம் பிள்ளையின் சீட்டை எடுத்து வைக்கட்டும். இருவருக்கும் குணம் இருப்பது தெரிந்தால் வைத்தியரைக் கலந்துகொண்டு முடிவு செய்யட்டும். முன்பே மணமானவர்களுக்கும், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் சிசுவின் நிலையை அறிய வழி உண்டு.

சோதனை பெரிய காரியமல்ல. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தம் போதும். சந்தேகம் கண்டால், குணம் மட்டுமா நோயேதானா என்பதை வேறொரு சோதனை உறுதி செய்யும். 2047-க்குள் இந்நோயைத் தேசத்திலிருந்து அகற்றுவது என்ற நோக்கத்துடன், 2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் ஒரு தேசிய இயக்கம் தொடங்கப்பட்டது. 17 மாகாணங்களில் 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது அதன் திட்டம். அவற்றுள் நமது தமிழ்நாடும் ஒன்று. நோய் கண்ட குழந்தைகளையும் கைவிட வேண்டியதில்லை. தண்ணீர் நிறையக் குடிப்பது, குளிரிலும் கடும் உழைப்பிலும் அலையவிடாதிருப்பது, உரிய காலத்தில் தடுப்பூசி, சிறு வயதில் பென்சிலின், வைத்தியர் மேற்பார்வையில் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை ஆகியவற்றால் வேதனையும் அபாயமும் வெகுவாகக் குறைகின்றன. காய்ச்சல் கண்டால் மட்டும் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சுதந்திர தேசத்தில் ஒரு குழந்தை வலியால் அழும்போது, அதன் காரணத்தை விசாரிப்பதே பெரியவர்களின் முதற் கடமை. அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளையை இப்பொழுது நாம் பெஞ்சின்மேல் ஏற்றுவதில்லை. அருகில் அழைத்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்கிறோம். பிறகு, வைத்தியரிடம் காட்டும்படி பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். அந்தப் பழைய மாணவன் விஷயத்தில் நாம் செய்யத் தவறியது அவ்வளவுதான்.