ஒரு வாளி நீரின் விலை

மாத்தளைப் பிள்ளைகளுக்கு மின்சாரத்தின் பிறப்பிடம் தொலைவில் இல்லை. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கவழியே வந்து, 1976 ஆம் ஆண்டு முதல் உக்குவளையில் மின்சாரம் தருகின்றது. ஆயினும் வகுப்பறையில் இதனை மனனப் பாடமாக்கி விடுகின்றோம்.

விஞ்ஞான ஆசிரியர்கள் வேறொரு வழியை நாடலாம். பழைய கரண்டிகளைச் சில்லொன்றிற் பொருத்தி, மாணவரே நீர்ச்சக்கரம் செய்யட்டும். அதனுடன் விளையாட்டு மோட்டார் ஒன்றையும் சிறு விளக்கையும் இணைக்கட்டும். விளக்கு எரியாவிடின் மிக நன்று! கரண்டியின் சாய்வு பிழையா, நீர் விழும் உயரம் போதாதா என அவர்களே ஆராய்வர்.

அடுத்து, 10 லீற்றர் நீரை 1 மீற்றர் உயரத்துக்குத் தூக்கட்டும். அது விழும்போது வெளிப்படும் சக்தி, சிறிதும் வீணாகாவிடினும், 10 உவாற்று மின்குமிழை ஏறக்குறைய 10 செக்கன்களே எரிக்கும். கை நோகத் தூக்கிய பிள்ளைக்கு, ஆளில்லா அறையின் விளக்கை அணைக்குமாறு எவரும் சொல்லவேண்டியதில்லை.

அப்பொழுது ஒரு கேள்வியும் எழும்: மலைமேல் இத்தனை நீரையும் ஏற்றியவர் யார்? கதிரவனே. கடல்நீரை ஆவியாக்கி, மழையாக்கி, மீண்டும் மீண்டும் தருகின்றான், கூலி கேட்பதில்லை. புதுப்பிக்கத்தக்க சக்தி என்பது இதுவே. எண்ணெயோ விலைக்கு வருவது. அதனை வாங்க வகையின்றி, 2022 ஆம் ஆண்டில் மணிக்கணக்காக இருளில் இருந்ததை நாம் மறந்திலோம்.

ஆகவே தாய்மாரே, பிள்ளைகள் வாளியும் பழைய கரண்டியும் கேட்டால் மறுக்காது கொடுங்கள்.