கட்டிடத்தைப் பூசுங்கள், வரலாற்றைப் பூசி மெழுகாதீர்கள்

பழைய பள்ளியின் அரங்கத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே கைதட்டிவிடுகிறோம். அங்கே சாதியைப் பற்றிக் கேட்டால், "நல்ல காரியம் நடக்கும்போது இதிலுமா?" என்று முகம் சுளிப்பார்கள். ஆம், இதிலும்தான்.

கட்டிடம் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடற்கரைச் சாலையில் மேரி கட்டிடம் 2014 நவம்பரில் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. அதை மறுபடியும் கட்டித் திறக்க 2021 ஆனது. மிஷன் வீதியில் உள்ள கலவைக் கல்லூரிக்கும் வ.உ.சி. பள்ளிக்கும் அந்தக் கதி வரக் கூடாது. பாரதிதாசன் படித்த கலவைக் கல்லூரி இன்று அரசுப் பள்ளி. அதன் சுண்ணாம்புக் காரையும் மர உத்தரமும் நிலைக்கட்டும். ஆனால் எதைப் 'பாரம்பரியம்' என்கிறீர்கள்? தூண்களையும் சன்னல்களையும் மட்டுமா?

அதே மிஷன் வீதியில்தான் சம்பா கோயில் இருக்கிறது. 1745இல் அங்கிருந்த தேவாலயத்துக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர் நின்றது. பெரிய பறச்சேரி, உழந்தை போன்ற இடங்களின் மக்கள் ஒன்றுசேர்ந்து பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இதை எழுதி வைத்தவர் நம் ஆள் அல்ல, ஆனந்தரங்கப் பிள்ளை. அந்தப் பழைய கட்டிடம் 1761இல் ஆங்கிலேயர் நகரத்தைத் தகர்த்தபோது போய்விட்டது. பாரம்பரிய நடைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை சொல்லப்படுகிறது?

கல்வியின் கதையும் இதுதான். 1789இல் சமத்துவம் முழங்கிய நாடு, 19ஆம் நூற்றாண்டில் இங்கே வெள்ளையருக்கு ஒரு பள்ளி, சாதியாருக்கு ஒரு பள்ளி, நமக்குத் தனிப் பள்ளி என்றுதான் தொடங்கியது. வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று வாய்க்கால் போட்டுப் பிரித்த ஊரில், சேரி இரண்டுக்கும் வெளியே இருந்தது. சுண்ணாம்பு அரைத்ததும் செங்கல் சுமந்ததும் யார்? கொடையாளிக்குக் கல்வெட்டு உண்டு. சுமந்தவருக்கு?

எனவே ஒரு பள்ளி அரங்கத்தைப் புதுப்பிக்கும்போது நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று, கொடையாளி பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும். அந்த வாசலில் தலித் மாணவர் முதன்முதலில் எந்த ஆண்டு நுழைந்தார், தலித் ஆசிரியர் எந்த ஆண்டு வந்தார் என்பதைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

இரண்டு, மேடை பள்ளிப் பிள்ளைகளுக்கே முதல் உரிமை. அரசுப் பள்ளியை நம்பிப் படிப்பவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். புதுப்பித்த அரங்கை விழாக்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அவர்களை மரத்தடியில் உட்கார வைக்கக் கூடாது.

மூன்று, நவீனம் என்றால் குளிர்சாதனமும் ஒலிபெருக்கியும் மட்டும் அல்ல. தண்ணீர் வரும் கழிவறை வேண்டும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை எந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்யும்படி கட்ட வேண்டும். மனிதரை மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது 2013இல். அரங்கம் மின்னுவதற்கு நம் அண்ணன் ஒருவர் குழிக்குள் இறங்குவது பாரம்பரியம் அல்ல.

நான்கு, திறப்பு விழாவில் பிரமுகர்கள் பின்னால் உட்காரட்டும். பிள்ளைகளும் பெருக்கிக் கழுவும் தொழிலாளர்களும் முன்வரிசையில் உட்காரட்டும். சுவர் போன பிறகும் நாற்காலியாக அது திரும்பி வரும், நமக்குத் தெரியும்.

மாணவத் தோழர்களே, கோபப்பட்டால் மட்டும் போதாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடு எங்கே இருக்கிறது, புதுப்பிக்கும் பணியின் மதிப்பீட்டில் கழிவறைக்கு எவ்வளவு, அரங்கப் பயன்பாட்டுக்கு என்ன விதி என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். 1745இல் எழுதப் படிக்க விடப்படாத நம் முன்னோர் கூட்டமாகப் போய்க் கேட்டுத்தான் ஒரு சுவரை இறக்கினார்கள். நம் கையில் பேனா இருக்கிறது.

ஜெய் பீம்.