புது காடி நடுரோட்டுல நின்னா அது திருஷ்டி இல்ல, பழுது



கொஞ்சம் நீளமான பதிவு. காடி ஓட்டுறவங்களும், பிள்ளைங்களுக்குப் புது காடி வாங்கிக் கொடுத்தவங்களும் கடைசி வரைக்கும் படிங்க.

சில காலமா எங்ககிட்ட ஒரே மாதிரி ஒரு கோரிக்கை வருது. "புது காடிதான், ஓடிக்கிட்டு இருக்கும்போதே எஞ்சின் செத்துப்போகுது. ஸ்டீரிங் கல்லு மாதிரி இறுகிடுது. இன்னொரு பூஜை போட்டுக் கொடுங்க." பூஜை போடலாம், அதுல எங்களுக்கு மறுப்பே இல்ல. ஆனா பூஜை முடிஞ்ச கையோட அதே காடியில அம்மா, மனைவி, பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஹைவேயில ஏறுறதப் பாத்துக்கிட்டு எங்களால சும்மா இருக்க முடியல.

அதனால எங்க கருத்த நேரடியாவே சொல்லிடுறோம். அது கண்ணேறு இல்ல, சனிப்பெயர்ச்சியும் இல்ல. அது பழுது. பழுதான காடிய முதல்ல ஓட்டாம நிறுத்தணும். அப்புறம் எழுத்துல புகார் செய்யணும். இந்த ரெண்டும் செஞ்சிட்டு எத்தனை அர்ச்சனை வேணும்னாலும் செய்யலாம்.

இதுல என்ன ஆபத்துன்னு தெரிஞ்சிக்கணும். எஞ்சின் நின்னா காடி மட்டும் நிக்கிறது இல்ல. பல காடிகள்ல பவர் ஸ்டீரிங்கோட உதவியும் சேர்ந்து போயிடும். திருப்ப முடியும், ஆனா முழு பலம் போடணும். பிரேக்குக்கு இருக்கிற உதவி ஒரு மிதி, ரெண்டு மிதி வரைக்கும்தான் தாங்கும். அதுக்கப்புறம் பெடல் கட்டையா மாறிடும். எலெக்ட்ரிக் ஸ்டீரிங்ல இன்னொரு சிக்கல்: எஞ்சின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஸ்டீரிங் மட்டும் இறுகலாம்.

நம்ம பேராக் சாலைகள நினைச்சிப் பாருங்க. மெனோரா சுரங்கப்பாதையத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்குற இறக்கம். கோப்பெங் தாண்டி குவா தெம்புரோங் வளைவுகள். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலை ஏறுற பாதை. முன்னாலயும் பின்னாலயும் லாரி. அங்க காடி செத்துப்போனா யோசிக்கக்கூட நேரம் இருக்காது.

எங்க கோவிலுக்கு வர்ற ஒரு குடும்பம். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்து ஆளுங்க. இப்ப அந்தத் தோட்டத்துல ரப்பரும் இல்ல, லயமும் இல்ல, எல்லாம் செம்பனை. தாத்தா பாட்டி தோட்டத்து லாரியில ஏறி தைப்பூசத்துக்கு வந்த தலைமுறை. அந்தக் குடும்பத்துல முதல் புது காடி, 9 வருஷ லோன். வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல, மூணு தடவ ஓட்டத்துல நின்னுடுச்சி. சர்வீஸ் சென்டர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல. நீங்க ஓட்டுற விதம் சரியில்ல." அந்தப் பையன் தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்துட்டான். வீட்டுலயும் அவனத்தான் திட்டுனாங்க.

இந்த "ஓட்டுற விதம்" கதை உலகம் பூரா சொல்லப்பட்ட கதை. ஆஸ்திரேலியாவுல ஃபோர்ட் நிறுவனத்தோட ஃபியஸ்டா, ஃபோக்கஸ் காடிகள்ல பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பிரச்சினை வந்தப்ப, புகார் செஞ்சவங்க சிலருக்கு இதே பதில்தான் கிடைச்சது. 2018-ல் அந்த நாட்டு நீதிமன்றம், வாடிக்கையாளர்கள நடத்துன விதம் அநியாயம்னு சொல்லி அந்த நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பழுது தெரிஞ்சிருந்தும் ஓட்டுனவங்க மேல பழி போட்டதுதான் அங்க பெரிய குற்றமா எடுத்துக்கப்பட்டது.

அமெரிக்காவுல நடந்தது இன்னும் கொடுமை. ஜெனரல் மோட்டார்ஸ் காடிகள்ல சாவி போடுற சுவிட்ச் பலவீனமா இருந்தது. சாவிக்கொத்து கனமா இருந்தாலோ முழங்கால் பட்டாலோ ஓட்டத்துலயே சாவி நழுவும். எஞ்சின் நிக்கும், ஸ்டீரிங் இறுகும், மோதுனா ஏர்பேக்கும் விரியாது. நிறுவனத்துக்குள்ள சிலருக்கு இது சுமார் 10 வருஷம் முன்னாடியே தெரியும். 2014-ல்தான் திரும்ப அழைச்சாங்க. அந்த சுவிட்ச் பிரச்சினைக்கு மட்டும் ஏறக்குறைய 26 லட்சம் காடிகள். இழப்பீட்டு நிதி ஏத்துக்கிட்ட மரணம் மட்டும் 124.

இது பழைய காடி கதைன்னும் நினைக்க வேண்டாம். 2024 அக்டோபர்ல ஹோண்டா அமெரிக்காவுல ஏறக்குறைய 17 லட்சம் புதிய காடிகள ஸ்டீரிங் கியர்பாக்ஸ் இறுகுற பிரச்சினைக்காகத் திரும்ப அழைச்சது. நிறுவனமே ஒத்துக்கிட்டு மாத்திக் கொடுக்குற பழுதுக்கு, நம்ம வீட்டுப் பையன் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு ஏன் அலையணும்?

இப்ப நம்ம நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம்ம எல்லாருக்கும் பொது. விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்துல இருக்கணும், பாதுகாப்பா இருக்கணும்னு அது சொல்லுது. சரிசெய்யக்கூடிய பழுதுன்னா நியாயமான காலத்துல சரிசெஞ்சி கொடுக்கணும். ஆபத்தான பொருள்னா அது சின்னக் குறை இல்ல, பெரிய குறை. வாங்குனவர் பொருள நிராகரிக்கலாம். ஆனா ஒண்ணு, அந்த நிராகரிக்கிற உரிமைய நியாயமான காலத்துக்குள்ள பயன்படுத்தணும். "அடுத்த சர்வீஸ்ல பாப்போம், அடுத்த தைப்பூசம் கழிச்சிப் பாப்போம்"னு தள்ளிப் போட்டா உரிமை கைவிட்டுப் போகும். பூஜை மேல பூஜை போட்டு மாசத்த ஓட்டுறதுல உள்ள உண்மையான நஷ்டம் இதுதான்.

காடி பழுதுக்கு இங்க யாரும் ஜெயிச்சது இல்லன்னு சொல்றவங்களுக்கு: பழுதான மெர்செடிஸ் பென்ஸ் காடிக்காக புஞ்சாக் நியாகா நிறுவனம் விற்பனையாளர் மேல போட்ட வழக்குல, நம்ம மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே சட்டத்த வச்சி வாங்குனவங்க பக்கம்தான் தீர்ப்பு சொன்னது. அவங்க பெரிய கம்பெனி, வக்கீல் வைக்க முடியும். நமக்குப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கு, மலாய்ல திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம். வக்கீல் வேண்டாம். 3 வருஷத்துக்குள்ள பதியணும்.

அங்க போய் நிக்கும்போது கண்ணீர விட காகிதம்தான் பேசும். அதனால இத செய்ங்க:

👉 காடி நின்ன தேதி, நேரம், இடம், வேகம், எரிஞ்ச விளக்கு எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க வீடியோ எடுக்கட்டும், ஓட்டுறவர் எடுக்க வேண்டாம்.

👉 சர்வீஸ் சென்டர்ல வாயால சொல்லிட்டு வராதீங்க. ஜாப் ஷீட்ல "ஓட்டத்தில் எஞ்சின் நின்றது, ஸ்டீரிங் இறுகியது"ன்னு அவங்கள எழுத வச்சி, நகல் வாங்கிக்கிட்டு வாங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னா அதையும் எழுத்துல கேளுங்க.

👉 சேசிஸ் நம்பரக் கொடுத்து, இந்தக் காடிக்குத் திரும்ப அழைப்பு இருக்கான்னு நிறுவனத்துக்கிட்ட கேளுங்க. இருந்தா செலவு அவங்களுது.

👉 லோன் கட்டுறத நிறுத்தாதீங்க. வங்கி வேற, வித்த கடை வேற. தவணை தப்பினா இழுத்துட்டுப் போயிடுவாங்க, அப்புறம் காடியும் இல்ல, வழக்கும் கஷ்டம்.

👉 ஓட்டத்துல நின்னுட்டா: ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்க பலமா பிடிங்க. பிரேக்க பம்ப் பண்ணாம ஒரே அழுத்தா அழுத்துங்க. சாவிய உருவாதீங்க, ஸ்டீரிங் பூட்டிக்கும். ஹசார்ட் விளக்கப் போட்டு இடது ஓரம் ஒதுங்கி, எல்லாரும் இறங்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. வடக்கு தெற்கு ஹைவேன்னா பிளஸ் உதவி எண் 1800-88-0000.

இன்னொரு கருத்தும் இருக்கு. அடிக்கடி பழுதாகுற புது காடிய ஆங்கிலத்துல 'லெமன்'னு சொல்வாங்க, நாம டயருக்கு வைக்கிற அதே எலுமிச்சம்பழம்தான். சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர் 1-லிருந்து லெமன் சட்டம் இருக்கு. வாங்கின 6 மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா அது விக்கும்போதே இருந்த பழுதுன்னு எடுத்துக்குவாங்க. இல்லன்னு நிரூபிக்கிறது வித்தவர் பொறுப்பு. நம்ம நாட்டுலயும் நிரூபிக்கிற பாரத்த இப்படித் தூக்கி வித்தவர் தோள்ல வைக்கணும். 9 வருஷம் கடன் கட்டுற தோட்டத்துப் பிள்ளைக்கு எஞ்சினுக்குள்ள என்ன கோளாறுன்னு எப்படித் தெரியும்? தேர்தல் நேரத்துல கோவிலுக்கு வந்து மாலை வாங்கிக்கிற மக்கள் பிரதிநிதிங்ககிட்ட இதையும் கேளுங்க.

சில பெரியவங்க, "கோவில்காரங்களுக்கு எதுக்கு இந்த வேலை"ன்னு கேக்கலாம். ஐயா, நம்ம ஜனங்க கஷ்டம்னா வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி, இலாகாவுக்குப் போறதுக்கு முன்னாடி கோவிலுக்குத்தான் வர்றாங்க. வந்தவங்களுக்கு விபூதி கொடுக்கிறதோட வழியும் சொல்லி அனுப்பணும். தெய்வம் நமக்குக் கொடுத்த புத்தியப் பயன்படுத்துறதும் பக்திதான்.

இந்த மாதிரி பழுது உள்ள காடி வச்சிருக்கிறவங்க, வெள்ளிக்கிழமை பூஜைக்கு அதுல வராதீங்க. பக்கத்து வீட்டுக்காரங்களோட சேர்ந்து வாங்க, இல்ல எங்களுக்குச் சொல்லுங்க, ஏத்திக்கிட்டு வர ஏற்பாடு பண்றோம். வரும்போது ஜாப் ஷீட், லோன் பத்திரம், ரசீது எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்துல உக்காந்து மலாய்ல கடிதம் எழுதித் தர நம்ம இளைஞர் பிள்ளைங்க தயாரா இருக்காங்க. காசு எதுவும் வேண்டாம்.

தெரிஞ்சவங்களுக்குப் பகிருங்க. எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும், அவ்வளவுதான் எங்க வேண்டுதல்.

ஆலயத் தொண்டர்கள் 🙏