வானொலிப் பேச்சும் மெய்யெழுத்தும்

இலக்கணம் பயில்வான் ஒருவனுக்கு வானொலிக் கருவியோடு என்ன உறவு என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பாராயினும் கேட்டுப் பின் நகைப்பாராக.

படி, பசி, பதி, பணி, பனி, பலி, பழி என்னும் சொற்களை நோக்குக. முதலெழுத்து ஒன்றே, ஈற்று இகரமும் ஒன்றே, இடைநின்ற மெய் மட்டுமே பொருளை வேறுபடுத்துகின்றது. அவ்வுயிர்களோ உரத்து ஒலிப்பன. மெய்யோ அரை மாத்திரை அளவினதாய் மெல்லென நழுவுவது. வலிமை உயிரிடத்தும் பொருள் வேறுபாடு மெய்யிடத்துமாக இருத்தலால், இரைச்சல் மிகுந்த வான்வழியே பேசுவோர்க்கு ஓர் இடர் நேர்கின்றது.

ஒலிபரப்பி ஒன்று 100 வாட் ஆற்றலுடையதாயின், அவ்வெல்லை பேச்சின் முகடுகளுக்கே உரியது. உயிரொலியின் முகடு நூறைத் தொடுமாறு கருவியைத் திருத்திவைத்தால், பேச்சின் சராசரி ஆற்றல் பத்து, இருபது வாட் அளவில் நின்றுவிடும். மெய்யொலிகள் அதனினும் தாழ்ந்து இரைச்சலுள் மூழ்கும். முகட்டைத் தாழ்த்திப் பள்ளத்தை உயர்த்துதற்குப் பொறியாளர் கண்ட உபாயங்களுள் மூன்றனை ஈண்டு ஒப்புநோக்குவோம்.

முதலாவது ‘கம்பிரஸர்’ என்னும் அமுக்கி. குரல் உயர்ந்தால் தானே பெருக்கத்தைக் குறைத்து, தாழ்ந்தால் மீண்டும் கூட்டுவது இது. கேட்பதற்கு இனிது, குரலின் இயல்பு பெரிதுங் கெடாது. ஆயின் உரத்த உயிரைக் கேட்டு ஒருமுறை அமுங்கிய கருவி, மீண்டும் எழுதற்குச் சிறிது பொழுது வேண்டும். அதற்குள் அரை மாத்திரை மெய் கடந்துபோய்விடும். பேச்சு ஓய்ந்த இடைவெளியிலோ, அறையின் மின்விசிறி ஓசையைப் பெரிதாக்கி அனுப்பும் பெருந்தொண்டு செய்யும்!

இரண்டாவது, செவிக்குரிய ஒலியலையையே வெட்டும் ‘கிளிப்பர்.’ எல்லைக்கு மேற்பட்ட முகட்டை அந்தக் கணமே அறுத்துவிடுதலால், மெய்யும் உயிரும் ஏறக்குறைய ஒரு நிரையாகின்றன. லிக்லைடரும் பொல்லாக்கும் 1948-இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. உயர்ந்த அதிர்வுகளை முதலில் தூக்கிவிட்டுப் பின்னர் முற்றும் வெட்டிய பேச்சும் நன்கு விளங்குகின்றது என்று அவர் கண்டனர். உருவம் சிதைந்தும் பொருள் பிழைத்திருத்தல் வியப்பன்றோ! ஆயினும் குறையுண்டு. 500 ஹெர்ட்ஸ் ஒலியை வெட்டினால் 1500-உம் 2500-உம் புதிதாய்ப் பிறக்கும். அவை பேச்சுக்குரிய எல்லைக்குள்ளேயே விழுதலால் வடிகட்டியாலும் நீக்கலாகா. கையில் ஏந்திப் பேசும் எஃப்.எம். கருவிகளில் இம்முறை தக்கதே. ‘சிங்கிள் சைட்பேண்ட்’ என்னும் ஒருபுறப் பட்டை முறையிலோ, ஒலிக்கூறுகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் நிலை மாறுவதால், அறுத்த முகடுகள் மீண்டும் தலைதூக்கும். அரும்பாடு வீணாம்.

மூன்றாவது, பேச்சை முதலில் உயர் அதிர்வுள்ள ஒருபுறப் பட்டையாக மாற்றி, அந்நிலையில் வெட்டுதல். 9 மெகாஹெர்ட்ஸில் வெட்டினால் பிறக்கும் மடங்கு அதிர்வுகள் 18, 27 எனத் தொலைவில் விழுதலின், வடிகட்டி அவற்றை எளிதில் விலக்கும். சிறிது திரிபு எஞ்சுமாயினும் முன்னதனினும் குறைவே. நன்கமைந்தவழி ஏறத்தாழ ஆறு டெசிபெல் நன்மை கிட்டும். அஃதாவது ஆற்றலை நான்கு மடங்காக்கியதற்கு ஒப்பு. இரண்டு வடிகட்டிகள் வேண்டுதலால் முன்னாளில் இது செலவு மிக்கதாயிருந்தது. இந்நாளிலோ எண்முறைக் கணிப்பினால் கருவிக்குள்ளேயே இது போன்றதைச் செய்யலாம். ஒருபுறப் பட்டையிற் பேசுவார்க்கு இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு.

“குரலின் இயல்பு போகின்றதே!” என்று இசைச்சுவை உடையார் வருந்துவர். அண்டை ஊர் நண்பரோடு தெளிந்த அலையில் அளவளாவுங்கால் அவர் கூற்றே சரி. அப்பொழுது இக்கருவிகளை அணைத்துவிடுதல் நன்று. ஆனால் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, முன்னரே போர்ட் பிளேர் சென்றிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர் செய்திகளை வான்வழியே கடத்தினர். பிழைத்தார் யார், இருக்குமிடம் யாது என்று அறியக் காத்திருந்தோர்க்குக் குரலின் இனிமையால் ஆவதென்ன? ஒரு பெயரின் மெய்யொன்று கேளாமற்போயின் வேறொரு குடும்பமன்றோ அழும்!

மற்றொரு கூட்டத்தாரும் உளர். பொறி கிடைத்ததென்று திருகுகுமிழை முடிவு வரையில் முறுக்கி, அண்டை அலைவரிசை முழுதும் தெறிப்பை இறைப்பவர். இவர் தாமும் விளங்கார், பிறரையும் விளங்கவிடார். வெட்டியபின் வடிகட்டுதலும், இறுதிப் பெருக்கியை அதன் ஆற்றலுக்கு மேல் முறுக்காமையும் கட்டாயம்.

இன்னும் ஒன்று. எம்முறையைக் கைக்கொள்ளினும், ஒலிவாங்கியை அடுத்தே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட கனத்த ஒலியைக் குறைத்து, 2000-க்கு மேற்பட்டதைச் சிறிது உயர்த்திக்கொள்க. செலவு சிறிது, பயனோ பெரிது. பின்னர் அளவுகோலின் முள்ளை மட்டும் நம்பியிராது, தொலைவிலுள்ள நண்பரிடம் மேற்கூறிய ஏழு சொற்களையும் முறைமாற்றிச் சொல்லி, அவர் எழுதிக்கொண்டது யாதென்று கேட்டுப் பார்க்க.