பத்துக் கன்றும் ஒரு மரமும்

ஒரு மரத்தை வெட்டுகிறவர் அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகளை நட வேண்டும் என்பது தில்லி மாநகரில் நடைமுறையில் உள்ள விதி. கேட்பதற்கு இனிய கணக்கு. ஒன்றைக் கொடுத்துப் பத்தைப் பெறும் வாணிகத்தை வேண்டாமென்று சொல்வார் யார்? ஆயினும், தோழர்களே, இக்கணக்கை நாம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

2016 ஜூலையில், தென் தில்லியில் உள்ள ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை இசைவு தந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் மூன்றும் என்.பி.சி.சி. என்னும் அரசு நிறுவனத்தின் பொறுப்பு. கஸ்தூர்பா நகர், தியாகராஜ நகர் (சென்னைத் தி. நகரை எண்ணிக் கொள்ள வேண்டாம்!), சீனிவாசபுரி, முகமதுபூர் நான்கும் மத்தியப் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25,667 வீடுகள் எழும். செலவு 32,835 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். நௌரோஜி நகரில் வணிக மாளிகைகள் கட்டி, அவற்றில் இடம் விற்றுப் பணம் திரட்டுவது ஏற்பாடு.

இக்குடியிருப்புகள் நமக்கு அந்நியமானவை அல்ல. எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் தலைநகருக்கு வந்த தமிழர் பலர் குடும்பம் நடத்தியது இத்தகைய வீடுகளில்தான். சரோஜினி நகரின் பிள்ளையார் கோயிலும், இலட்சுமிபாய் நகரில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் அதற்குச் சான்று. தாழ்ந்த வீடுகள், முன்னால் ஒரு துண்டுப் புல்தரை, அதற்குக் குடைபிடிக்க ஒரு வேம்போ நாவலோ.

அவ்வீடுகள் பழுதுபட்டிருந்தன என்பதையும், வீடு கேட்டு ஊழியர் காத்திருந்தனர் என்பதையும் மறுக்க முடியாது. இடிக்கவே கூடாது என்பது என் வாதமன்று. புதுக் கட்டடங்களில் மழைநீர் சேமிப்பு உண்டு. கழிவுநீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்படுத்த வழி உண்டு. கூரையில் சூரிய மின்சாரம் உண்டு. இவை பாராட்டத் தக்கவையே. ஆனால் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டிவரும் என்பதும் அதே திட்டத்தின் கணக்கில் இருந்ததே! 2018 ஜூனில் அது வெளியே தெரிந்தபோது சரோஜினி நகரில் மக்கள் திரண்டு மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுக்குத் தடை விதித்தது. அதன் பிறகே, மரங்களைக் காக்கும்படி வரைபடத்தை மாற்றுவோம் என்ற பேச்சு எழுந்தது. நௌரோஜி நகரிலோ பெரும்பாலான மரங்கள் அதற்குள் வீழ்ந்துவிட்டன.

வெட்டாமல் பெயர்த்து நடலாமே என்பார்கள். தில்லி அரசு 2020இல் அதற்கென்றே ஒரு கொள்கை வகுத்தது: ஒரு பணியால் அகற்றப்படும் மரங்களில் 80 விழுக்காட்டைப் பெயர்த்து நட வேண்டும், நட்டவற்றுள் 80 விழுக்காடு ஓராண்டு முடிவில் உயிரோடு இருக்க வேண்டும். நடந்தது என்ன? மூன்றாண்டுகளில் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் மூன்றில் ஒரு பங்கே பிழைத்தன என்று 2022இல் அந்த அரசே உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. வியப்பதற்கில்லை. கிளைகளைக் கழித்து, வேரைச் சுற்றி அறுத்து, பாரந்தூக்கியில் ஏற்றிக் கொண்டுபோய் வேறு மண்ணில் வைத்தால், அரசும் ஆலும் ஒருவாறு தாங்கும். ஆழ வேரோடிய முதிய வேம்பு எப்படித் தாங்கும்?

கன்றுகளின் கதையும் இதுதான். அவை நடப்படுவது பெரும்பாலும் நகரத்தின் ஓரத்தில். நிழலை இழந்தவனோ நகரத்தின் நடுவே இருக்கிறான். மே மாதத்து வெயிலில் பேருந்துக்கு நிற்பவனிடம், "இங்கிருந்து பத்துக் கல் தொலைவில் உனக்குப் பத்துக் கன்று வைத்திருக்கிறோம்; இருபது ஆண்டு பொறு" என்று சொன்னால் அவன் நம்மை என்னவென்று நினைப்பான்?

குறை எண்ணிக்கையில் இல்லை; வரிசையில் இருக்கிறது. முதலில் வரைபடம் தீட்டுகிறார்கள். பிறகு, அதற்குக் குறுக்கே நிற்கும் மரங்களை எண்ணுகிறார்கள். மரங்களை முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே கட்டடத்துக்கு இடம் தேடுவது ஆகாத செயலா? நீதிமன்றம் தடுத்த பின் மாற்ற முடிகிற வரைபடத்தை அதற்கு முன்பே மாற்ற முடியாதா? பிழைத்ததா என்று பார்க்க ஓராண்டும் போதாது. ஐந்தாண்டு கழித்து உயிரோடு நிற்கும் மரத்துக்கே ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணை என்று வைத்துப் பாருங்கள். தண்ணீர் லாரி தவறாமல் வரும்!

நம்மில் கட்டடக் கலை பயில்வோர் இருக்கிறார்கள். பொறியியல் பயில்வோர் இருக்கிறார்கள். நாளை அரசுப் பணியில் அமர்ந்து இத்தகைய கோப்புகளில் கையெழுத்திடப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நம் வளாகத்தில் அடுத்த கட்டடத்துக்குக் கோடு கிழிக்குமுன், இங்குள்ள மரங்களை இனத்தோடும் சுற்றளவோடும் நம் சங்கமே ஒரு பட்டியலாக எழுதி, பதிவாளரிடம் கொடுத்து வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு அளவு நாடாவும் போதும்.